ட்ரீட்மென்ட் முடிந்தது... மனசுக்குள் இருப்பதை எங்கே இறக்கிவைப்பது?

'கடைசி கீமோவும் முடிஞ்சாச்சு, ரிப்போர்ட்டும் நல்லா வந்திருக்கு. இனி என்ன கவலை?' - புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் அடிக்கடி கேட்கும் வார்த்தைகள் இவை. சொல்பவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால், அதற்குப் பிறகு 'பயமா இருக்கு' என்று சொல்ல அவர்களுக்கு வாய் வருவதில்லை. அடுத்த ஸ்கேன் தேதி நெருங்கினால் தூக்கம் போய்விடும். அதையும் சொல்ல மாட்டார்கள். பார்த்துக்கொள்ளும் கணவரும் மகளும் தங்கள் பயத்தை மறைத்துக்கொண்டு சிரிப்பார்கள். ஒரே வீட்டில், ஆளுக்கொரு மௌனம்!

வாயால் சொல்ல முடியாததைக் கையால் சொல்லலாம் என்பதுதான் கலைவழி சிகிச்சையின் அடிப்படை. அமெரிக்காவின் சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் மெமோரியல் மருத்துவமனையில் 50 புற்றுநோயாளிகளிடம் நடந்த ஆய்வு, 2006-ல் வெளியானது. ஒரு மணி நேரம் படம் வரைவது போன்ற வேலைகளில் ஈடுபட்ட பிறகு வலி, சோர்வு, பதற்றம் உள்ளிட்ட 9 தொந்தரவுகளில் 8 குறைந்ததாக அவர்கள் சொன்னார்கள். குமட்டல் மட்டும் குறையவில்லை.

பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸுக்கு 1941-ல் குடல் புற்றுநோய்க்காக அறுவை சிகிச்சை நடந்தது. அப்போது வயது 71. அதன்பின் நின்றபடி வரைவது சிரமமாக, கத்தரிக்கோலை எடுத்தார். உதவியாளர்கள் வண்ணம் தீட்டிய காகிதங்களைப் படுக்கையிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடியே வெட்டி, பெரிய பெரிய படைப்புகளாக்கினார். 1954-ல் இறக்கும்வரை அந்த வேலை நிற்கவில்லை.

நமக்கு ஓவியம் வர வேண்டும் என்ற அவசியமில்லை. வீட்டிலேயே தொடங்கலாம்.

* தொடர்ந்து 4 நாள்கள், தினமும் 15 நிமிடங்கள் மனதில் இருப்பதை எழுதுங்கள். பிழை பார்க்க வேண்டாம். எழுதியதைக் கிழித்தும் போடலாம். எழுதி முடித்த உடனே மனசு கொஞ்சம் கனக்கலாம், அது இயல்புதான். தாங்க முடியாவிட்டால் நிறுத்திவிடுங்கள்.

* நேரில் பேசத் தயங்கும் தம்பதி ஒரு பொது நோட்டு வைத்துக்கொள்ளலாம். ஒருவர் எழுதிவைக்க, மற்றவர் பதில் எழுதலாம்.

* குழந்தைகளிடம் க்ரேயான் கொடுத்து, 'நம்ம வீடு இப்போ எப்படி இருக்கு?' என்று வரையச் சொல்லுங்கள். 'அழகா இருக்கு' என்று மார்க் போடாமல், 'இதுல என்ன நடக்குது?' என்று கேளுங்கள். அம்மாவிடம் கேட்காத கேள்வி அந்தப் படத்தில் இருக்கலாம்.

சில கீமோ மருந்துகளால் விரல் நுனி மரத்துப்போகும். அவர்களுக்கு ஊசி, கத்தரிக்கோல் வேண்டாம். தடிமனான க்ரேயான் போதும். களிமண், பெயின்ட் தொடுவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். இவை மருந்துக்கோ செக்கப்புக்கோ மாற்றும் அல்ல. தொடர்ந்து தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை இருந்தால் மனநல மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்தமுறை, மீண்டு வந்த ஒருவரைப் பார்க்கப் போகும்போது ஆப்பிள், ஆரஞ்சோடு ஒரு நோட்டும் கலர் பென்சிலும் வாங்கிப் போங்களேன். கொடுத்துவிட்டு, 'இப்போ மனசு எப்படி இருக்கு?' என்றும் கேளுங்கள்!