மூன்று மலையும் ஒரு மதிலும்

செஞ்சி என்றதும் வெளியூராருக்கு நினைவு வருவது நம் கோட்டைதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகள். அவற்றை வளைத்து இணைக்கும் நெடிய மதில். மதில் இல்லையேல் அவை வெறும் குன்றுகளே. இணைந்தபின் அல்லவா அது கோட்டையாயிற்று! 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. மலைகளை இணைத்த அந்த அறிவை, நம் பிள்ளைகள் நடக்கும் சாலைக்கும் பயன்படுத்தினால் என்ன?

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் நெடுஞ்சாலை நம் ஊர் வழியே போகிறது. பௌர்ணமி வந்தால் கிரிவலத்திற்குச் செல்லும் வண்டிகள். அமாவாசை வந்தால் மேல்மலையனூருக்குச் செல்லும் வண்டிகள். அறுவடை வந்தால் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர்கள். இத்தனைக்கும் நடுவில்தான் சைக்கிளிலும், ஆட்டோவிலும், படிக்கட்டு வரை நிறைந்த பேருந்திலும் மாணவியராகிய நாங்கள் பள்ளிக்கு வருகிறோம்.

சாலையில் ஒரு குழந்தை மாண்டால், "விதி முடிந்தது" என்று சொல்லிப் பெருமூச்சு விடுகிறோம். விதியா? உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 11 லட்சத்து 90 ஆயிரம் பேர் சாலையில் உயிரிழப்பதாகவும், 5 முதல் 29 வயது வரை உள்ளோரின் இறப்புக்கு இதுவே முதற்காரணம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவித்தது. பெரியம்மையை விதி என்று விட்டுவிட்டோமா? தடுப்பூசி போட்டு ஒழித்தோமே!

2012 ஜூலையில் தாம்பரம் அருகே, பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மாண்டாள். நாடே கலங்கியது. உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கை எடுத்தது. பள்ளி வாகனங்களுக்கெனத் தனி விதிகள் அவ்வாண்டே பிறந்தன. நல்லதே. ஆனால் விதிகள் பிறக்க ஒரு குழந்தை இறக்கத்தான் வேண்டுமா?

2025 ஜூலை 8 அன்று கடலூர் அருகே செம்மங்குப்பத்தில் ரயில் பாதையைக் கடந்த பள்ளி வேன் மீது ரயில் மோதி, மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அங்கே சுரங்கப்பாதை அமைக்கத் தாங்கள் ஒப்புதல் தந்திருந்ததாகவும், மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி ஓராண்டாகக் கிடைக்கவில்லை என்றும் ரயில்வே துறை பின்னர் கூறியது. குற்றம் யாருடையது என்று தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையன்று. ஓர் அலுவலகத்திற்கும் மற்றோர் அலுவலகத்திற்கும் இடையே உள்ள வெற்றிடத்தில் குழந்தைகள் விழக் கூடாது என்பதே எங்கள் கவலை. நம் செஞ்சிக்கு ரயில் இல்லை. ஆனால் அத்தகைய வெற்றிடம் இல்லாத ஊர் உண்டோ?

இதை மாற்ற முடியுமா என்று ஐயுறுவோர் நெதர்லாந்து நாட்டைப் பார்க்கட்டும். அங்கே 1971-இல் மட்டும் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலையில் மாண்டனர். மகளை இழந்த பத்திரிகையாளர் ஒருவர், "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்" என்று எழுதினார். அதுவே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர் தெருவில் இறங்கினர், அரசு செவிசாய்த்தது. குடியிருப்புத் தெருக்களில் வேகம் குறைந்தது. சைக்கிளுக்குத் தனிப் பாதைகள் வந்தன. ஊர் கூடித் தேர் இழுத்தார்கள், தேர் நகர்ந்தது.

நம் ஊரிலும் கூடுகிறோம். ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம் வருகிறது. பதாகை ஏந்திப் பேரணி போகிறோம்; புகைப்படமும் எடுக்கிறோம்; பிப்ரவரியில் மறந்து விடுகிறோம். இது கூட்டு முயற்சி ஆகாது. யார், எதை, எந்தத் தேதிக்குள் செய்வது என்று எழுதி வைத்து, செய்தார்களா என்று கேட்பதே கூட்டு முயற்சி.

வீடு, பள்ளி, அரசுத் துறைகள் ஆகிய மூன்றுமே நம் மூன்று மலைகள். அவற்றை இணைக்கும் மதிலாக ஒரு குறிப்பேடு போதும் என்கிறோம். வரும் வழியில் நடைபாதை இல்லாத இடம், வெள்ளைப் பட்டை அழிந்த வேகத்தடை, விளக்கெரியாத வளைவு ஆகியவற்றை மாணவியராகிய நாங்கள் எழுதித் தருகிறோம். தினமும் அவ்வழியே நடப்பவர்கள் நாங்கள்தாமே! மாதம் ஒருமுறை எங்கள் அருட்சகோதரியர், காவல் துறையினர், நெடுஞ்சாலைத் துறையினர், பேரூராட்சியினர், மோட்டார் வாகன ஆய்வாளர், பேருந்துப் பணிமனையினர், ஆட்டோ ஓட்டுநர்கள் ஆகியோரைப் பெற்றோருடன் ஒரே மேசையில் அமர்த்தட்டும். சென்ற மாதத்துப் பக்கத்தை முதலில் வாசிக்கட்டும். பள்ளி நேரத்திற்கு ஒரு பேருந்து கூடுதலாக வந்தால் படிக்கட்டுப் பயணம் தானே குறையுமே!

பெற்றோரே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். தலைக்கவசம் தந்தைக்கு மட்டும் உரியதன்று. நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளையும் அணிய வேண்டும் என்பது சட்டம். பதினெட்டு வயது நிரம்பாத மகன் கையில் மோட்டார் சைக்கிளைக் கொடுப்பது பாசமாகாது. 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தின்படி அதற்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. அபராதம் கட்டிவிடலாம்; உயிரை எந்தக் கருவூலத்தில் கட்டி மீட்பது?

தோழியரே, நமக்கும் கடமை உண்டு. பேருந்தின் முன்புறமாகச் சாலையைக் கடக்காதிருப்போம். மூவராய் வரிசை கட்டிச் சைக்கிள் ஓட்டாதிருப்போம். தங்கையின் கையை இறுகப் பிடித்திருப்போம். ஆனால் சிறுவர் சிறுவராகத்தான் இருப்பர். ஒரு கணம் தவறுவர். அந்த ஒரு கணத் தவறுக்கு உயிர் விலையாகாதபடி சாலையை அமைப்பது பெரியவர்களின் பொறுப்பு.

எதிரியைத் தடுக்க அன்று மதில் எழுப்பினர். இன்று நம் பிள்ளைகளைக் காக்க ஒரு மதில் எழுப்புவோம். அடுத்த மாதமே முதற் கல்லை வைப்போமாக!