கட்டிலுக்கு மேல சூரியகாந்தி

போன ஆவணியில் லண்டனிலிருந்து மச்சாள் குடும்பம் ஒரு கல்யாணத்துக்கு வந்து வத்தளையில ஒரு ஹோட்டலில் தங்கினார்கள். பார்க்கப் போனால், கட்டிலுக்கு மேல வான்கோவின் சூரியகாந்தி. பிரிண்ட்தான். குஷனிலும் சூரியகாந்தி, பாத்ரூம் கதவிலும் சூரியகாந்தி. "ஆர்ட் ரூமாம், அதுக்குக் காசு கூட" என்றாள் மச்சாள். மகன் குஷனைத் தூக்கிக்கொண்டு, இதை யார் கீறினது என்று கேட்டான். ரூம் முழுக்கத் தேடியும் ஒரு பெயர் இல்லை.

ஓவியரின் பெயரில் ரூம் செய்வது புதுசில்லை. 2016இல் சிக்காகோ கலை நிறுவனம், ஆர்ல் நகரில் வான்கோ படுத்த அறையை அவர் கீறின மாதிரியே கட்டில், கதிரை எல்லாம் செய்து, ஒரு இரவுக்கு 10 டொலர் என்று எயார்பிஎன்பியில் விட்டது. கண்காட்சிக்கு விளம்பரம். நல்ல பகிடி. எனக்கும் அங்க ஒரு நாள் படுத்துப் பார்க்க ஆசைதான்.

ஆனா அந்த மஞ்சள் வீட்டில் நடந்தது வேற. 1888இல், சிநேகிதர் கோகான் வந்து தங்கப்போகிறார் என்று, விருந்தாளி அறையில் கொளுவத்தான் வான்கோ சூரியகாந்திகளைக் கீறினார். வரப்போகிற ஒரு மனுசன் கண் முழிக்கும்போது எதைப் பார்க்கவேணும் என்ற யோசனை அது. கோகான் ஒக்டோபரில் வந்தார், டிசம்பரில் சண்டையோடு போனார். 1944இல் அந்த வீட்டில் குண்டு விழுந்தது. இப்ப வீடு இல்லை, படம் இருக்கு.

இதை எங்கட ஆக்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் 'இன்கம்ப்ளீட் தோம்பு' என்று ஒரு புத்தகம் செய்தார். இடம்பெயர்ந்த சனம், விட்டுட்டு வந்த வீட்டை நினைவிலிருந்து கையால் கீறிக் கொடுத்த பிளான்கள் அதில் இருக்கு. அதோடு கட்டடக்கலைஞர் வரைகிற மாதிரி முறையான பிளான், பிறகு சனாதனனின் சித்திரம். தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவு. பதிவில் மிஞ்சாத வீடுகளுக்கு ஒரு பதிவு.

வத்தளை ரூமில் நின்றபோது முதல் வந்த யோசனை, சூரியகாந்தியைக் கழட்டிப்போட்டு அந்தப் பிளான் ஒன்றைக் கொளுவினா என்ன என்பதுதான். பஸ்ஸில் திரும்பி வரும்போது மனம் மாறிட்டுது. ஒருத்தரின் இழந்த வீட்டைக் குஷனில் அச்சடித்தால், அதுக்கு மேல யாரோ ஈரத் துவாயைப் போடுவார்கள். வேண்டாம்.

நான் கேட்கிறது சின்ன விஷயம். காலியில் ஜெஃப்ரி பாவா கட்டின லைட்ஹவுஸ் ஹோட்டலுக்குள்ள போனால், சுற்றிச் சுற்றி ஏறுகிற படியோடு லக்கி சேனாநாயக்கவின் உலோகப் படைவீரர்கள் போர்த்துக்கேயரோடு மோதிக்கொண்டே மேல ஏறுவார்கள். அந்தப் படி இல்லாமல் அந்த ஹோட்டலை யோசிக்க ஏலாது. பிரான்ஸில் மார்செய் நகர ஹோட்டல் ஒன்றில் டில்ட் என்கிற கிராஃபிட்டிக்காரர் ரூமின் சரிபாதியைக் கட்டிலோடு சேர்த்து நிறத்தால் நிரப்பி, மறுபாதியை வெள்ளையாகவே விட்டார். இரண்டிலும் ஓவியர் வந்து நின்று வேலை செய்திருக்கிறார். குஷன் கடைக்கு ஓர்டர் கொடுக்கவில்லை.

இங்க யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கலை படித்துவிட்டு, கல்யாண மேடைக்கு பெயின்ட் அடிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். வத்தளையிலோ வெள்ளவத்தையிலோ ஒரு ஹோட்டல்காரர் ஒரேயொரு வெறும் ரூமின் சாவியை அவர்களில் ஒருத்தருக்குக் கொடுக்கட்டும். என்ன கீறுவது என்று சொல்லக்கூடாது. "நாலு பேர் பார்ப்பாங்க தம்பி" என்று சொல்லாமல் கூலி கொடுக்கவேணும். கதவில் அவர் பெயர் இருக்கவேணும். அஞ்சு வருஷத்தில் வெள்ளை பூசி அழிக்கிறதா இருந்தால், அதுக்கு முதல் அவருக்கு ஒரு கோல் எடுத்துச் சொல்லவேணும்.