மூணு மிதி மிதிச்சா நிக்குமா?

(மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் மாணவர் ஒருவர்)

அருப்புக்கோட்டையில் ஏதாவது ஒரு லாரிப் பட்டறை வாசலில் பத்து நிமிடம் நின்று பாருங்கள். பழைய வண்டி ஓட்டும் டிரைவரிடம், "பிரேக் எப்படிண்ணே?" என்று கேளுங்கள். சிரித்துக்கொண்டே சொல்வார்: "மூணு மிதி மிதிச்சா கச்சிதமா நிக்கும் தம்பி!" குறையாக அல்ல, பெருமையாகச் சொல்வார். வண்டியோட குணம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்ற பெருமை. அந்தப் பெருமையோடுதான் எனக்குச் சண்டை.

கணக்குப் போடுவோம். 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடிக்குச் சுமார் 14 மீட்டர் ஓடும். முதல் இரண்டு மிதி வீணாக ஒரு வினாடி என்று வைத்துக்கொண்டால், பிரேக் பிடிக்குமுன்பே 14 மீட்டர் காலி. இரண்டு 407-ஐ ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினாலும் அதற்குள் இடம் மிஞ்சும்!

என் மாமாவிடம் ஒரு பழைய 407 உண்டு. டாடா 1986-ல் கொண்டுவந்த மாடல். வயதானாலும் நம் பக்கத்தில் இன்னும் உழைக்கிறது. திருச்சுழி பக்கம் சீமைக்கருவேலங்கரி மூட்டை ஏற்றுவார். பெடல் இறங்க ஆரம்பித்ததும் ஒரு பட்டறையில் விட்டார். "ஏர் புடிச்சிருக்கு" என்று ஏர் எடுத்தார்கள். இரண்டு நாளில் பழைய கதை. அடுத்து மாஸ்டர் சிலிண்டர் கிட் மாற்றினார்கள், மறுபடி ஏர் எடுத்தார்கள். காசுதான் போச்சு.

ஒரு சாயங்காலம் ரோட்டோரக் கருவேலங்காட்டுக்குள்ளிருந்து ஆட்டுக்கிடை குறுக்கே வந்துவிட்டது. மூன்றாவது மிதியில்தான் வண்டி நின்றது. ஒரு கிடாய் அடிபட்டுச் செத்தது. மேய்த்த பையன் ஒரு முழம் தள்ளி நின்றதால் பிழைத்தான். கிடாய்க்குக் காசு கொடுத்துவிட்டார் மாமா. ஆனால் அதன்பிறகு இரண்டு நாள் வண்டியை எடுக்கவே இல்லை.

கடைசியில் வந்தவர் ஒரு வயதான மெக்கானிக். ஸ்பேனரைத் தொடவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்து, பெடலை மிதித்தார். ஆழமாகப் போனது. விட்டு உடனே மறுபடி மிதித்தார். பாதியிலேயே கல் மாதிரி நின்றது! அப்படியே அழுத்திப் பிடித்தார், இறங்கவில்லை. "ஏரும் இல்ல, மாஸ்டரும் இல்ல. பின்னாடி டிரம்மைக் கழட்டுங்க மாப்ள."

கழற்றினால், லைனிங் தேய்ந்து, அட்ஜஸ்டர் புழுதியும் துருவும் ஏறி இறுகிக் கிடந்தது. பல தடவை கடைசல் கொடுத்த டிரம் வேறு. அதில் சாதா அளவு லைனிங். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடையில் அவ்வளவு இடைவெளி! முதல் மிதியில் போகும் ஆயில் அந்த இடைவெளியை மூடவே சரியாகப் போய்விடும். அப்புறம் எத்தனை தடவை ஏர் எடுத்து என்ன பிரயோஜனம்?

பெடல் பேசும் நண்பர்களே! நாம்தான் கேட்பதில்லை. பம்ப் பண்ணப் பண்ண மேலே வந்தும் ஸ்பிரிங் மாதிரி மெத்தென்றே இருந்தால், அதுதான் ஏர். காற்று அமுங்கும், ஆயில் அமுங்காது. பாஸ்கல் விதியெல்லாம் ஆயிலுக்குத்தான் ஒழுங்காக வேலை செய்யும். அழுத்திப் பிடிக்கும்போது மெல்ல மெல்ல இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. சக்கரத்தின் உள்பக்கம் ஈரம் பாருங்கள். வெளியே எங்கும் ஈரமில்லை, ஆயில் மட்டமும் குறையவில்லை என்றால் மாஸ்டர் கப் உள்ளேயே விடுகிறது. பழைய ரப்பர் ஹோஸைக் கையால் பிடித்துக்கொண்டு இன்னொருவரை மிதிக்கச் சொல்லுங்கள். உப்பினால் குற்றவாளி அதுதான். பாவம், பூஸ்டர் மேல் பழி போடாதீர்கள். பூஸ்டர் போனால் பெடல் கடினமாகும், மெத்தென்று ஆகாது.

இன்னொரு வாதம் அடிக்கடி கேட்கிறேன்: "நம்ம ஊரே காஞ்ச ஊரு, பிரேக் ஆயில்ல எங்கயிருந்து தண்ணி வரும்?" வரும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கேயும் மழை உண்டு. மற்ற நாளிலும் காற்றில் ஈரம் இருக்கிறது. பிரேக் ஆயில் அதைக் குடிக்கும். புது டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். பந்தல்குடி, காரியாபட்டி என்று சமதரையில் ஓடும்வரை யாருக்கும் தெரியாது. என்றைக்காவது ஒரு கேரளா லோடு கிடைத்து, செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு இறக்கத்தில் மிதித்துக்கொண்டே போகும்போதுதான் ஆயில் கொதித்து ஆவியாகி, பெடல் தரையைத் தொடும். கீழே வந்து ஆறியதும் ஒன்றுமே நடக்காத மாதிரி மேலே வரும். அதை நம்பி மறுபடி லோடு ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள்!

எட்டு வருடம் தாண்டிய லாரிக்கு வருடந்தோறும் எப்.சி. உண்டு. அதற்கு முதல்நாள் சரிபண்ணிக் கொண்டுபோகிற வித்தையும் நமக்குத் தெரியும். அதைப் பற்றி எழுத இந்த மலர் பத்தாது.

நம்மைப் பற்றியே பேசுகிறேன். பிராக்டிகலில் மாஸ்டர் சிலிண்டரை மேசைமேல் பிரித்துப் பூட்டினோம். படம் வரைந்தோம். வைவாவில் பாகங்களின் பெயரை ஒப்பித்தோம். மூன்று வருடத்தில் ஒருமுறைகூட, "இந்தப் பெடலை மிதிச்சுப் பாரு, என்ன கோளாறுன்னு சொல்லு" என்று நம்மிடம் யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்டு வாங்கவில்லை. முதல் பட்டறைக்காரர் செய்த தப்பைத்தான் நாளைக்கு நாமும் டிப்ளமோ சர்டிபிகேட்டோடு செய்யப்போகிறோம்.

சங்கம் இந்த வருடம் விளையாட்டுச் சாமானோடு இன்னொன்றும் கேட்கட்டும்: கண்டமான வண்டி ஒன்று. ஓட வேண்டாம், பிரேக் இருந்தால் போதும். வாரம் ஒரு கோளாறை ஆசிரியர் வைக்கட்டும், நாம் காலால் கண்டுபிடிப்போம். மாமா வண்டியில் கழற்றிய லைனிங்கும் துருப்பிடித்த அட்ஜஸ்டரும் என் அறையில்தான் கிடக்கின்றன. லேப் திறக்கிற அன்றைக்கே கொண்டுவந்து தருகிறேன்.