அரையால் வகுப்பதும் அரையாக வகுப்பதும்

 

இந்த மாதம் ஒரு கணக்கோடு உங்களிடம் வருகிறேன். கணக்கு என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அடுப்படியில் நாள்தோறும் நீங்கள் போடும் கணக்குத்தான் இது. பாடசாலையில் பிள்ளைகள் தடுமாறுகிற இடமும் இதுவே.

ரொட்டி சுடுகிற நேரம் பிள்ளையைக் கூப்பிட்டு, "ஆறை அரையால் வகுத்தால் எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக, "மூன்று" என்று சட்டென்று பதில் வரும். சரியான விடை பன்னிரண்டு.

ஆறு ரொட்டியை அரையாக வகுத்தால், அதாவது அரைவாசி ஆக்கினால், மூன்று. ஆறு ரொட்டியை அரையால் வகுத்தால் பன்னிரண்டு. 'அரையாக', 'அரையால்' என்ற இரு சொற்களிலும் கடைசி எழுத்து ஒன்றுதான் மாறுகிறது. விடையோ நான்கு மடங்கு மாறிவிடுகிறது! ஆறு ரொட்டியை ஆளுக்கு அரை ரொட்டி வீதம் கொடுத்தால் எத்தனை பேருக்குக் கொடுக்கலாம்? இதுதான் 'அரையால் வகுத்தல்' என்பதன் பொருள். இப்படிக் கேட்டால் ஏழு வயதுப் பிள்ளையும் ரொட்டியைப் பிய்த்துப் பார்த்துப் பன்னிரண்டு என்று சொல்லிவிடும்.

பிள்ளை ஏன் தடுமாறுகிறது? சிறு வகுப்பில் வகுத்தல் பழகும்போது, வகுத்தால் எப்போதும் குறையும் என்று அதன் மனதில் பதிந்துவிடுகிறது. பன்னிரண்டை மூன்றால் வகுத்தால் நான்கு, இருபதை ஐந்தால் வகுத்தால் நான்கு என்று குறைந்துகொண்டே போவதைத்தான் அது கண்டிருக்கிறது. ஒன்றைவிடச் சிறிய அளவால் வகுத்தால் விடை பெருகும் என்பது அதற்குப் புதிது. அந்தப் புதுமையை விளங்க வைக்காமல், "இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு" என்ற சூத்திரத்தை மட்டும் மனனமிடச் செய்தால், பரீட்சை முடிந்ததும் சூத்திரமும் மறந்துவிடும்.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள குறை என்று நினைக்க வேண்டாம். சீனாவில் ஆரம்பப் பாடசாலை ஆசிரியையாக இருந்து, பின்னர் அமெரிக்காவில் ஆய்வு செய்த லிப்பிங் மா என்ற பெண்மணி 1999 ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரிடமும் சீன ஆசிரியர்கள் 72 பேரிடமும் அவர் கேட்ட கேள்விகளில் ஒன்று, ஒன்றே முக்காலை அரையால் வகுப்பது. சீன ஆசிரியர்கள் எல்லோரும் சரியாகச் செய்தார்கள். அமெரிக்க ஆசிரியர்களில் பாதிப் பேர்கூடச் சரியான விடைக்கு வரவில்லை. இந்தக் கணக்குக்கு ஏற்ற ஒரு கதை சொல்லுங்கள் என்று கேட்டபோது, அமெரிக்கர்களில் ஒரேயொருவர்தான் பொருந்துகிற கதையைச் சொன்னார். மற்றவர்களில் பலர், இருப்பதை இரண்டு பேருக்குச் சமமாகப் பங்கிடுவதாகக் கதை சொன்னார்கள். அது அரையாக வகுப்பது; அரையால் வகுப்பது அல்ல. பாடம் நடத்துகிறவர்களே சறுக்கிய இடத்தில் நம் வீட்டுப் பிள்ளை சறுக்கினால் அதைக் கடிந்துகொள்வது நியாயமா?

சரியான கதையை நீங்களே சொல்லலாம். ஒன்றே முக்கால் லீற்றர் பால் இருக்கிறது. அரை லீற்றர் போத்தல்களில் ஊற்றுகிறீர்கள். மூன்று போத்தல் நிரம்பும், நாலாவது போத்தல் பாதி வரும். விடை மூன்றரை.

இப்போது தலைகீழாக்கும் சூத்திரம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். வீட்டில் 6 கிலோ அரிசி இருக்கிறது. நாளொன்றுக்கு ¾ கிலோ உலையில் போடுகிறீர்கள். எத்தனை நாளைக்கு வரும்? அரிசி முழுவதையும் கால் கிலோப் பொட்டலங்களாகக் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கிலோவுக்கு நான்கு வீதம் 24 பொட்டலம். ஒரு நாளைக்கு மூன்று பொட்டலம் செலவு. 24 ஐ 3 ஆல் வகுத்தால் 8 நாள். நாம் செய்தது என்ன? முதலில் நான்கால் பெருக்கினோம், பிறகு மூன்றால் வகுத்தோம். அதாவது ¾ ஆல் வகுப்பதற்குப் பதிலாக 4/3 ஆல் பெருக்கினோம். பின்னம் தலைகீழானதன் இரகசியம் இவ்வளவுதான். பிள்ளை இதை நாலைந்து தடவை கையால் செய்துவிட்டால் சூத்திரத்தைத் தானே கண்டுபிடித்துவிடும். இந்த விதியை இந்தியக் கணித அறிஞர் பிரம்மகுப்தர் கி.பி. 628 இலேயே எழுதி வைத்திருக்கிறார்.

மீதி வருகிற கணக்கில் இன்னொரு சறுக்கல் உண்டு. 2 மீற்றர் துணி இருக்கிறது. சிறு பிள்ளைக்குப் பர்தா ஒன்று தைக்க ¾ மீற்றர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை தைக்கலாம்? துணியைக் கால் மீற்றர் துண்டுகளாக எண்ணினால் எட்டு. பர்தாவுக்கு மூன்று துண்டு வீதம் இரண்டு பர்தா தைத்தபின் இரண்டு துண்டு, அதாவது அரை மீற்றர், மிஞ்சும். உடனே பிள்ளை "இரண்டரை" என்று எழுதும். ஆனால் 8 ஐ 3 ஆல் வகுத்தால் 2⅔ அல்லவா வருகிறது? இரண்டில் எது சரி? மிஞ்சியது அரை மீற்றர் என்பது உண்மை. ஆனால் கேள்வி மீற்றரைப் பற்றியதன்று, பர்தாவைப் பற்றியது. ஒரு பர்தாவுக்கு வேண்டிய மூன்று துண்டில் இரண்டு துண்டு கையில் இருக்கிறது. ஆகவே அது மூன்றில் இரண்டு பர்தா. விடை 2⅔. 'எதில் எத்தனை பங்கு?' என்ற கேள்வியைப் பிள்ளை ஒவ்வொரு தடவையும் தனக்குள்ளே கேட்கப் பழக வேண்டும்.

வகுத்தலுக்கு 'எத்தனை தடவை' என்பது ஒரு முகம் என்றால், 'ஒன்றுக்கு எவ்வளவு' என்பது மறுமுகம். நான் இருக்கிற பாப்பாமோட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வயலை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். முக்கால் ஏக்கருக்கு 1½ புசல் விதைநெல் போட்டார்கள். ஒரு ஏக்கருக்கு எவ்வளவு வேண்டும்? முக்கால் ஏக்கர் என்பது மூன்று கால் ஏக்கர். மூன்று துண்டுக்கு ஒன்றரை புசல் என்றால், ஒரு துண்டுக்கு அரை புசல். முழு ஏக்கருக்கு நான்கு துண்டு, ஆகவே 2 புசல். இங்கேயும் மூன்றால் வகுத்து நான்கால் பெருக்கினோம். ஒரு பங்கின் அளவு தெரிந்தால் முழுமையின் அளவைக் கண்டுபிடிக்கிற வழி இது. இதைக் கொஞ்சம் மனதில் வைத்திருங்கள்; கீழே இது மிகவும் தேவைப்படும்.

சகோதரிகளே! ஒரு மௌலவி ஏன் இந்தப் பக்கத்தில் பின்னக் கணக்கை எடுத்துக்கொண்டார் என்று நீங்கள் நினைக்கலாம். வாரிசுரிமைச் சட்டமாகிய ஃபராயிள் முழுவதும் பின்னங்களின் மீதுதான் நிற்கிறது. அந்நிஸா அத்தியாயத்தின் 11, 12, 176 ஆம் வசனங்களில் வருகின்ற பங்குகள் ஆறு: ½, ¼, ⅛, ⅔, ⅓, 1/6. பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு ⅛. பழைய தமிழ்க் கணக்கில் இதற்கு 'அரைக்கால்' என்று பெயர். காலில் அரை என்பது பொருள். கி.பி. 820 ஆம் ஆண்டளவில், கலீபா மஃமூனின் காலத்தில், பக்தாதிலிருந்த அல்குவாரிஸ்மி அட்சரகணிதத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். 'அல்ஜிப்ரா' என்ற சொல்லே அந்த நூலின் பெயரிலுள்ள 'அல்ஜப்ர்' என்பதிலிருந்து வந்ததுதான். அந்த நூலில் ஏறத்தாழப் பாதி, வஸிய்யத்தையும் வாரிசுப் பங்கீட்டையும் பற்றிய கணக்குகளே. கணவனையும் ஒரு மகனையும் மூன்று மகள்களையும் விட்டு மௌத்தான ஒரு பெண்ணின் சொத்தைப் பிரிப்பது அவற்றில் ஒன்று. பின்னக் கணக்கு நம் முன்னோருக்குக் குடும்பங்களில் நீதி செலுத்துகிற கருவியாக இருந்திருக்கிறது.

நம் நாட்டிலும் இது ஏட்டளவில் உள்ள விஷயம் அல்ல. மரண சாசனம் எழுதாமல் மௌத்தான முஸ்லிமின் சொத்து அவர் சார்ந்த பிரிவின் முஸ்லிம் சட்டப்படியே சேர வேண்டும் என்பது 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒருவர் 1½ ஏக்கர் காணியை விட்டு மௌத்தாகிறார். ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ் வீதம் அது 240 பேர்ச்சஸ். கடனும் வஸிய்யத்தும் இல்லை. அவருடைய தாய் தந்தையர் முன்பே மௌத்தாகிவிட்டார்கள். மனைவி, இரண்டு ஆண் மக்கள், மூன்று பெண் மக்கள் இருக்கிறார்கள். மனைவிக்கு ⅛, அதாவது 30 பேர்ச்சஸ். மிஞ்சுவது 7/8. மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற கணக்கில் பிள்ளைகளுக்கு மொத்தம் ஏழு பங்கு. 7/8 ஐ ஏழால் வகுத்தால் பங்கொன்றுக்கு ⅛. ஆகவே ஒவ்வொரு மகளுக்கும் ⅛, 30 பேர்ச்சஸ். ஒவ்வொரு மகனுக்கும் ¼, 60 பேர்ச்சஸ். கூட்டிப் பாருங்கள்: 30, 60, 60, 30, 30, 30. மொத்தம் 240. கணக்கு நேர்.

இப்போது அந்த மகள்களில் ஒருத்தியிடம், "உனக்குரிய எட்டில் ஒரு பங்கு 20 பேர்ச்சஸ். இதில் கையெழுத்துப் போடு" என்று ஒருவர் காகிதத்தை நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டில் ஒன்று என்று சரியாகத்தானே சொல்கிறார்கள் என்று நம்பிக் கையெழுத்து வைத்துவிடலாம். ஆனால் அவளுக்குப் பின்னத்தால் வகுக்கத் தெரிந்தால் மனதுக்குள்ளேயே போட்டுப் பார்ப்பாள்: 20 ஐ ⅛ ஆல் வகுத்தால் 160. எட்டில் ஒன்று 20 பேர்ச்சஸ் என்றால் முழுக் காணியும் 160 பேர்ச்சஸ், ஒரு ஏக்கர்தான். வாப்பா விட்டுப்போனதோ ஒன்றரை ஏக்கர். அப்படியானால் மற்ற அரை ஏக்கர் எங்கே? சண்டை இல்லை, சத்தம் இல்லை; ஒரேயொரு கேள்விதான். அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு அவளுக்கு வேண்டியது, வயலில் விதைநெல்லுக்குப் போட்ட அதே கணக்குத்தான்.

மன்னாரைச் சேர்ந்த நமக்கு இதன் தேவை இன்னும் அதிகம். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்க் குடும்பங்கள் பல கடல் வழியாகக் கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் போய்ச் சேர்ந்தன. 2009 இல் யுத்தம் முடிந்து ஊர் திரும்பத் தொடங்கும்போது ஏறத்தாழ இருபது வருடங்கள் கடந்திருந்தன. காணி மூத்தாப்பாவின் பெயரில் இருக்கும். மூத்தாப்பா அகதி வாழ்விலேயே மௌத்தாகியிருப்பார். பின்னர் மூத்தம்மாவும் மௌத்தாகியிருப்பார். பிரிக்காமல் விட்ட பங்குக்குள்ளே இன்னொரு பங்கு பிறந்துவிடுகிறது. மேலே சொன்ன குடும்பத்தில் தாயும் பிறகு மௌத்தானால், அவருடைய ⅛ பங்கை அதே பிள்ளைகளுக்கு ஏழு பங்காக வைக்க வேண்டும். அவருக்கு வேறு வாரிசுகள் இல்லையென்றால் மகளொருத்திக்குத் தாய்வழியில் வருவது 1/56. முன்பு வந்த ⅛ என்பது 7/56. இரண்டும் சேர்ந்தால் 8/56, அதாவது ஏழில் ஒன்று. பார்க்கப் பயமுறுத்துகிற பின்னங்கள் கடைசியில் எவ்வளவு எளிதாகிவிட்டன பாருங்கள்! வாரிசுகள் மாறினால் பங்குகளும் மாறும் என்பதால், உண்மையான பங்கீட்டை ஃபராயிள் தெரிந்த ஆலிமிடமும் சட்டத்தரணியிடமும் காட்டித்தான் முடிக்க வேண்டும். ஆனால் அவர்கள் சொல்கிற எண் சரியா என்று பார்க்கிற அறிவு நம் வீட்டுக்குள்ளும் இருக்க வேண்டாமா?

ஆகவே, பாடசாலையில் இந்தப் பாடம் வரும்வரை காத்திருக்காமல், ரொட்டியையும் அரிசியையும் துணியையும் வைத்து வீட்டிலேயே தொடங்குங்கள். ஆண் பிள்ளைக்கு மட்டும் சொல்லிக்கொடுத்து, பெண் பிள்ளையைப் பாத்திரம் கழுவ அனுப்பிவிடாதீர்கள். விடையை நீங்கள் முந்திச் சொல்லாதீர்கள். பிள்ளை எண்ணட்டும், பிழைக்கட்டும், மறுபடி எண்ணட்டும். இந்த மாதத்துக்கு ஐந்து கணக்குகள் தருகிறேன்:

1. அரை கிலோ சீனியை ⅛ கிலோப் பொட்டலங்களாகக் கட்டினால் எத்தனை பொட்டலம்?

2. 4½ கிலோ கருவாட்டை ¾ கிலோப் பொதிகளாகக் கட்டினால் எத்தனை பொதி?

3. ஃபித்ராவுக்கு ஆளுக்கு 2½ கிலோ அரிசி வீதம் கொடுத்தால், 20 கிலோ அரிசி எத்தனை பேருக்குரியது?

4. 2½ லீற்றர் தேங்காய் எண்ணெயை ¾ லீற்றர் போத்தல்களில் ஊற்றினால் எத்தனை போத்தல் நிரம்பும்? மிஞ்சுவது ஒரு போத்தலில் எத்தனை பங்கு?

5. ஒரு தாய்க்குக் கிடைத்த ⅛ பங்கு 15 பேர்ச்சஸ் என்றால், முழுக் காணி எவ்வளவு?

விடைகள்: 4, 6, 8, மூன்று போத்தல் நிரம்பும், மிஞ்சுவது போத்தலில் மூன்றில் ஒரு பங்கு, 120 பேர்ச்சஸ்.

நாலாவது கணக்கில் பிள்ளை "மூன்றே கால்" என்று சொன்னால் கோபிக்க வேண்டாம். மிஞ்சியது கால் லீற்றர் என்று அது சரியாகத்தான் கண்டிருக்கிறது. "லீற்றரில் கால், சரி. போத்தலில் எத்தனை பங்கு?" என்று ஒரு தடவை கேளுங்கள். மிச்சத்தைப் பிள்ளையே சொல்லிவிடும், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.