லாரிக்குக் கார் கப்ளர்: இந்த வெட்டுவேலை நிற்க வேண்டும்

24 வோல்ட் லாரியில் நிறுவனம் பொருத்தி அனுப்பிய, கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகுவதற்கான கப்ளரை வெட்டி எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 12 வோல்ட் காரின் கப்ளரை மாட்டிவிடும் வேலை, கைத்திறன் என்ற பெயரில் பட்டறைகளில் நடக்கிறது. செய்பவர் பெருமைப்படுகிறார். உரிமையாளர் நன்றி சொல்லிக் காசு கொடுக்கிறார். இதை வன்மையாகக் கண்டிக்கிறோம். அடுத்து அந்த வண்டியைத் தொடப்போகும் மெக்கானிக்கை ஏமாற்றும் வேலை இது.

ஸ்டியரிங்குக்குக் கீழே ஒளிந்திருக்கும் அந்தக் கப்ளர், வரிசைக்கு எட்டாக இரண்டு வரிசையில் 16 பின் கொண்டது. ஒரு காலத்தில் பிஎம்டபிள்யூவுக்கு 20 பின் வட்டக் கப்ளர், பென்சுக்கு 38 பின், நிசானுக்கு 14 பின் என்று கம்பெனிக்கு ஒரு வடிவம் இருந்தது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் பொது வடிவம் வந்தது. அமெரிக்காவில் 1996 மாடல் முதல் கார்களிலும், ஐரோப்பாவில் 2001 முதல் பெட்ரோல் கார்களிலும், வண்டியே தன் கோளாறைக் கண்டறிந்து சொல்லும் ஓபிடி முறை கட்டாயமானது. இந்தியாவில் கார்களுக்கு ஓபிடி-2 வந்தது 2013 ஏப்ரலில்.

இந்தப் பொது வடிவத்திலேயே ஐஎஸ்ஓ 15031-3 தரநிலை இரண்டு வகைகளை வகுத்திருக்கிறது. ஏ வகை 12 வோல்ட் வண்டிக்கு, பி வகை 24 வோல்ட் வண்டிக்கு. இரண்டு வரிசைகளுக்கும் நடுவே ஓடும் பள்ளம் ஏ வகையில் தடையில்லாமல் நீளும். பி வகையில் நடுவே தடுப்பு இருக்கும். 12 வோல்ட் ஸ்கேனரின் பிளக் அந்தத் தடுப்பில் முட்டி நின்றுவிடும். 24 வோல்ட்டுக்கென்று செய்த பிளக்கோ இரண்டு வகையிலும் நுழையும். காரணம் எளிது. 16ஆம் பின்னில் பேட்டரி மின்சாரம் சாவி போடாதபோதும் இருக்கும். லாரியில் இன்ஜின் ஓடும்போது அது 28 வோல்ட் வரை ஏறும். 12 வோல்ட்டுக்கு மட்டுமே செய்த ஸ்கேனர் அதைத் தாங்காது. எழுத்துப் படிக்கத் தெரியாதவரையும் இருட்டில் வேலை செய்பவரையும் சேர்த்தே காப்பாற்றுகிறது அந்தச் சிறு பிளாஸ்டிக் தடுப்பு. அதைத்தான் வெட்டி எறிகிறார்கள்.

ஏன் செய்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாமல் இல்லை. 2020 ஏப்ரல் முதல் நாளில் பிஎஸ்-6 விதி வந்தபின், புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா அமைப்பில் கோளாறு என்று வண்டியின் கணினி முடிவு செய்தால், முதலில் விளக்கு எரியும். கவனிக்காமல் ஓட்டினால் இன்ஜின் இழுவையையே குறைத்துவிடும். லோடு ஏற்றிய லாரி மேட்டில் திணறும். கம்பெனி சர்வீஸ் நிலையம் தொலைவில் இருக்கும். பக்கத்துப் பட்டறையில் இருப்பது கார் ஸ்கேனர், அதன் பிளக் லாரியில் நுழையவில்லை. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் ஒரு லாரி ஒருநாள் நின்றால் எத்தனை வீட்டு வருமானம் நிற்கும் என்பதை அறிவோம். ஆனால் அந்த நெருக்கடிக்குத் தேவை 24 வோல்ட் தாங்கும் ஸ்கேனரும் அதற்குரிய கேபிளும்தான். வண்டியின் ஒயரிங்கில் கத்தி வைப்பதற்கு அது காரணமாகாது.

"என் ஸ்கேனர் 32 வோல்ட் வரை தாங்கும், எனக்கு என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. உங்கள் ஸ்கேனர் தாங்கும். வண்டி நாளை வேறு ஊருக்குப் போகும், கைமாறும். அங்கே இருப்பவர் ஏ வகைக் கப்ளரைப் பார்த்து 12 வோல்ட் என்று நம்பிச் செருகுவார். அவருடைய கருவி கருகும். உள்ளே ஷார்ட் ஆனால் அந்த மின்னழுத்தம் தகவல் ஒயர்களுக்குள்ளும் பாயக்கூடும். கடன் வாங்கி ஸ்கேனர் வாங்கியவரின் நட்டத்துக்கு யார் பொறுப்பு?

அதைவிட மோசமான கேடு ஒயரிங்கில் நடக்கிறது. 6ஆம், 14ஆம் பின்களில் ஓடும் கேன் எனப்படும் தகவல் ஒயர்கள் ஒன்றோடொன்று முறுக்கிய ஜோடி. அந்த முறுக்குதான் வெளியிலிருந்து வரும் மின் இரைச்சலைத் தடுக்கிறது. பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு பின்களுக்கும் இடையே அளந்தால் சுமார் 60 ஓம் காட்ட வேண்டும். ஒயரை வெட்டி, முறுக்கைப் பிரித்து, கையால் திருகி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு, முதல் மழைக்குப் பின் அதே அளவைக் காட்டும் என்று யாரும் உறுதி தர முடியாது. அதன்பின் அவ்வப்போது தோன்றி மறையும் பிழைகள் தொடங்கும். பழி சென்சார் மேல் விழும். உரிமையாளர் நல்ல சென்சாரைக் கழற்றிவிட்டுப் புதிது வாங்குவார்.

கார்களிலும் இந்த விளையாட்டு உண்டு. பழைய கார்களின் வட்டக் கப்ளரை நீக்கி 16 பின் கப்ளர் மாட்டுபவர்கள், எல்லாப் பின்னும் எல்லா வண்டிக்கும் பொது என்று நினைக்கிறார்கள். 1, 3, 8, 9, 11, 12, 13 ஆகியவை அந்தந்தக் கம்பெனியின் விருப்பத்துக்கு விட்டவை. ஃபோர்டு தன் பழைய கார்களில் 13ஆம் பின்னை, கணினியில் புது மென்பொருள் ஏற்றும்போது 18 வோல்ட் கொடுப்பதற்கு வைத்திருந்தது. ஊகத்தில் ஒயர் இணைத்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கனரக வண்டிகளின் 9 பின் வட்டக் கப்ளரிலும் இதே பாதுகாப்பு உண்டு. வேகம் கூடிய தகவல் தடம் கொண்ட வண்டிக்குப் பச்சைக் கப்ளர். பழைய கறுப்பு பிளக் அதில் நுழையாது. நுழைந்தால், பாதி வேகத்தில் பேசும் கருவி வண்டியின் தகவல் போக்கையே குலைத்துவிடும். அங்கேயும் பச்சையை எடுத்துவிட்டுக் கறுப்பை மாட்டுவது அதே குற்றம்தான்.

பழுதான கப்ளருக்கு மாற்றாகச் சரியான வகையை, பின்களோடு, தனி உதிரிபாகமாகக் கடையில் கிடைக்கச் செய்வது வாகன நிறுவனங்களின் கடமை. முழு ஒயரிங் தொகுப்பையும் வாங்கு என்று சொல்லும் நிறுவனத்துக்கும் இந்த வெட்டுவேலையில் பங்கு உண்டு. லாரிக்கும் ஆகும் என்று சொல்லி ஸ்கேனர் விற்பவர்கள் பி வகைக் கேபிளைப் பெட்டிக்குள்ளேயே வைக்க வேண்டும். எஃப்சி ஆய்வில் கப்ளரின் வகையையும் பார்க்கும்படி போக்குவரத்துத் துறை உத்தரவிட வேண்டும். அதற்குச் சில நொடிகள் போதும். ஐடிஐ மோட்டார் மெக்கானிக் வகுப்பில் இந்த இரண்டு வகைகளையும் மாணவர் கையில் கொடுத்துக் காட்ட வேண்டும்.

பட்டறைக்காரர்களுக்கு: நீங்கள் மாற்றிய கப்ளர்கள் எந்தெந்த வண்டியில் இருக்கின்றன என்பது உங்களுக்குத் தெரியும். உரிமையாளரைக் கூப்பிட்டு, உங்கள் செலவில் சரியான கப்ளரை மாட்டிக் கொடுங்கள். அதுவரை அந்தக் கப்ளர் மேல் '24 வோல்ட்' என்று பெரிதாக எழுதி இன்றைக்கே ஒட்டுங்கள்.