பட்டணத்தில் சாப்பாட்டு விலை கேட்க வெட்கம் எதற்கு?

கேள்வி: "என் கணவருக்கு நெஞ்சு வலிக்காக மாவட்ட மருத்துவமனையில் பார்த்தோம். சென்னை பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நான், கணவர், சர்க்கரை நோய் உள்ள மாமியார், பத்து வயது மகன் என நான்கு பேர் போகிறோம். யாரும் சென்னையைப் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் ஒருவர் போனபோது நான்கு பேர் ஒரு வேளை சாப்பிட்டதற்கே 1,100 ரூபாய் ஆனதாம். எங்கே சாப்பிடுவது? எப்படிக் கடையைத் தெரிந்துகொள்வது? உங்கள் பகுதியில் பயிர் பற்றித்தான் எழுதுகிறீர்கள். இதையும் கேட்கலாமா?"
- ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

பதில்: தாராளமாகக் கேட்கலாம் சகோதரி. இலைச்சுருட்டுப் புழுவும் உர அளவும் கேட்டு வரும் கடிதங்களுக்கு நடுவே உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். உங்கள் கணவர் நலமாகத் திரும்பட்டும்.

முதலில் ஒரு சம்பவம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்தில் இருந்து முப்பது விவசாயிகளைக் கண்டுணர்வுப் பயணமாகச் சென்னைக்கு அழைத்துப் போனோம். கடைசி நாள் மதியம், "அவரவர் விருப்பப்படி சாப்பிட்டுவிட்டு மாலை அறைக்கு வந்துவிடுங்கள்" என்று சொல்லி அனுப்பினேன். நான் செய்த தவறு அதுதான். இரவு ஏழு மணிக்கு, அறுபதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் உடல் வியர்த்து, கை நடுங்க அறையில் சாய்ந்துவிட்டார். சர்க்கரை மாத்திரை போட்டவர் மதியம் சாப்பிடவே இல்லை. இரண்டு டீ மட்டும் குடித்திருக்கிறார். சர்க்கரை கரைத்த தண்ணீர் கொடுத்துப் பக்கத்து மருத்துவரிடம் கொண்டுபோனோம். நல்லவேளை, தெளிந்துவிட்டார்.

"ஏன் ஐயா சாப்பிடவில்லை?" என்று கேட்டேன். "மூணு ஓட்டல் வாசல் வரைக்கும் போனேன் சார். உள்ளே போய் விலை கேட்டுட்டு, கட்டுப்படியாகலைன்னு எழுந்து வந்தா என்ன நினைப்பாங்களோன்னு திரும்பிட்டேன்" என்றார். நெல் வியாபாரியிடம் மூட்டைக்குப் பத்து ரூபாய்க்காக அரை மணி நேரம் நின்று பேசக்கூடியவர் அவர். கையில் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பணமும் இருந்தது. கேட்கக் கூச்சப்பட்டதால்தான் பட்டினி கிடந்தார்.

அதனால் எந்தக் கடை என்பதற்கு முன்னால் இதைச் சொல்கிறேன். சென்னையில் விலை கேட்டுவிட்டு வெளியே போவது தினமும் நூறு பேர் செய்வது. கல்லாவில் இருப்பவர் அடுத்த நிமிடமே மறந்துவிடுவார். விதைக் கடையில் சிட்டை பார்க்காமல் பை வாங்குவோமா? சாப்பாட்டுக் கடைக்கும் அதே முறைதான்.

கட்டுச்சோறு

முதல் நாள் காலைக்கும் மதியத்துக்கும் வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு போங்கள். மருத்துவமனையில் முதல் நாள் சீட்டு வாங்குவது, வரிசையில் நிற்பது, பரிசோதனைக்கு அலைவது என்றே போய்விடும். கடை தேட நேரம் இருக்காது. புளிசாதமும் மிளகாய்ப்பொடி எண்ணெய் தடவிய இட்லியும் தாங்கும். தேங்காய்ச் சட்னி, சாம்பார் ஊற்றிய சாதம் வேண்டாம். வெயிலில் மதியத்துக்குள் கெட்டுவிடும். சாதத்தைச் சூடாக மூடிக் கட்டாமல் ஆறவிட்டுக் கட்டுங்கள். வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லியிருந்தால், பரிசோதனை முடிந்த உடனே சாப்பிட இந்தக் கட்டுச்சோறு கைகொடுக்கும்.

உங்கள் மாமியாருக்கு ஒரு வார்த்தை. சாப்பாடு கைக்கு வருமுன் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டு, பிறகு கடை தேடிப் போகக் கூடாது. பையில் ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் நான்கு மிட்டாயும் எப்போதும் இருக்கட்டும்.

மருத்துவமனையை ஒட்டி

பெரியாஸ்பத்திரி என்று நாம் சொல்லும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. நீங்கள் ரயிலில் எழும்பூர் வந்தால், அங்கிருந்து கடற்கரை போகும் மின்சார ரயிலில் அடுத்த நிலையமே பூங்கா நிலையம். பார்க் ஸ்டேஷன் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். இறங்கினால் மருத்துவமனை பக்கத்திலேயே. பேருந்தில் வந்தால் கிளாம்பாக்கத்தில் இறங்கி, மாநகரப் பேருந்தில் தாம்பரம் போய், அங்கிருந்து மின்சார ரயிலில் பார்க் ஸ்டேஷன் வரலாம்.

உங்கள் கணவரை உள்நோயாளியாகச் சேர்த்துக்கொண்டால் அவருக்கான உணவை மருத்துவமனையே கொடுக்கும். உப்பு, எண்ணெய் எவ்வளவு என்று மருத்துவர் சொன்னதை மீறி வெளியிலிருந்து எதுவும் வாங்கிக் கொடுக்காதீர்கள். கூட இருப்பவர்களுக்குத்தான் ஏற்பாடு வேண்டும்.

அதற்கு முதல் இடம் அம்மா உணவகம். 2013-ல் சென்னை மாநகராட்சி தொடங்கியது. அரசு பொது மருத்துவமனை வளாகத்திலும் உண்டு. இட்லி 1 ரூபாய், பொங்கல் 5 ரூபாய், மதியம் சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய், மாலையில் பருப்புடன் இரண்டு சப்பாத்தி 3 ரூபாய் என்பது அங்கே விலை. கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பேருக்குக் காலையில் ஆளுக்கு நான்கு இட்லி 16 ரூபாய். மதியம் ஆளுக்கு ஒரு சாம்பார் சாதம், ஒரு தயிர் சாதம் 32 ரூபாய். இரவு ஆளுக்கு நான்கு சப்பாத்தி 24 ரூபாய். ஒரு நாளுக்கு மொத்தம் 72 ரூபாய். முதலில் பணம் கட்டி டோக்கன் வாங்க வேண்டும். அங்கேயே சாப்பிட வேண்டும், பார்சல் கிடையாது. காலை 7 மணிக்கும் மதியம் 12 மணிக்கும் தொடங்கும்போதே போய்விடுங்கள். தாமதித்தால் தீர்ந்துவிடும். சில்லறையாகப் பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே போய் நிற்பதைக் கௌரவக் குறைவாக நினைக்க வேண்டாம். மருத்துவமனைக்கு வரும் எல்லா ஊர்க்காரர்களும் அங்கேதான் சாப்பிடுகிறார்கள். இரண்டு மூன்று வாரம் தங்க நேர்ந்தால், இங்கே மிச்சமாகும் பணம் ஊருக்குத் திரும்பும் செலவுக்கு ஆகும்.

ஓட்டல் தேடும்போது

எல்லா வேளையும் ஒரே இடத்தில் சாப்பிட முடியாது. சிறு பையன் வேறு இருக்கிறான். வெளியே கடை தேடும்போது இவற்றைக் கவனியுங்கள்.

ஒன்று, நிலைய வாசலுக்கு நேர் எதிரே இருக்கும் கடையில் உட்கார்ந்துவிடாதீர்கள். அந்த இடத்துக்கு வாடகை அதிகம், அது நம் இலையில்தான் வந்து விழும். பத்து நிமிடம் பக்கத்துத் தெருவுக்குள் நடங்கள். சென்ட்ரலை ஒட்டி வால்டாக்ஸ் சாலை, எழும்பூர் நிலையத்துக்கு எதிரே கென்னட் லேன் ஆகிய இடங்களில் தங்கும் விடுதிகளும் அவற்றைச் சார்ந்த சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன. மெஸ் சாப்பாடு வேண்டுமென்றால் திருவல்லிக்கேணி. வெளியூரிலிருந்து வேலைக்கும் படிப்புக்கும் வந்து மேன்ஷன்களில் தங்கியிருக்கும் இளைஞர்களை நம்பி நடக்கும் மெஸ்கள் அங்கே உண்டு. தினமும் சாப்பிடுகிறவர்களுக்காகச் சமைப்பதால் விலையும் காரமும் அடக்கமாக இருக்கும்.

இரண்டு, யார் சாப்பிடுகிறார்கள் என்று பாருங்கள். ஆட்டோ ஓட்டுபவர்கள், மூட்டை தூக்குபவர்கள், மருத்துவமனை ஊழியர்கள் உட்கார்ந்திருந்தால் அந்தக் கடையில் விலையும் சரியாக இருக்கும், சாப்பாடும் சூடாக இருக்கும். கூட்டம் வந்து போகும் கடையில் பழையது தங்காது. வாசலில் நின்று கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூப்பிடும் கடையைத் தாண்டிப் போங்கள். "நல்ல ஓட்டலில் விடுகிறேன்" என்று தானாகச் சொல்லும் வண்டிக்காரரிடம் "நாங்களே பார்த்துக்கொள்கிறோம்" என்று சொல்லிவிடுங்கள்.

மூன்று, விலைப்பலகையில் இட்லி விலையைப் பாருங்கள். ஒரு செட் இட்லி விலையைப் போல மூன்று, மூன்றரைப் பங்குதான் பெரும்பாலும் மதியச் சாப்பாட்டு விலை. இது என் அனுபவக் கணக்கு. பலகையே இல்லாமல், கண்ணாடிக் கதவும் குளிரூட்டிய அறையும் மட்டும் தெரிந்தால் உள்ளே போகுமுன் கேளுங்கள். ஒரே ஓட்டலில் ஏ.சி. ஹாலுக்குத் தனி விலை இருக்கும். கீழே சாதாரண ஹாலிலேயே உட்காருங்கள்.

நான்கு, உட்காருமுன் மூன்று கேள்வி கேளுங்கள். "சாப்பாடு என்ன விலை? அளவா, முழுச் சாப்பாடா? ஜி.எஸ்.டி. சேர்த்தா, தனியா?" அளவுச் சாப்பாட்டில் இரண்டாம் முறை சாதம் கேட்டால் தனிக் காசு. முழுச் சாப்பாட்டை இருவர் பகிர்ந்து சாப்பிட விடமாட்டார்கள். மகனுக்குத் தயிர் சாதமோ சாம்பார் சாதமோ தனியாக வாங்கலாம். பல கடைகளில் பார்சல் சாப்பாட்டில் சாதம் கூடுதலாக இருக்கும். ஒரு பார்சலைப் பெரியவர் ஒருவரும் பையனும் பகிர்ந்துகொள்ளலாம். பார்சலுக்குச் சில ரூபாய் கூடுதலாக வாங்குவார்கள். மூன்று மணிக்கு மேல் பல இடங்களில் சாப்பாடு முடிந்துவிடும், டிபன்தான் இருக்கும்.

ஐந்து, தண்ணீர். உட்கார்ந்தவுடன் "மினரல் வாட்டரா, சாதாவா?" என்று கேட்பார்கள். பேசாமல் இருந்தால் பாட்டிலைத் திறந்து வைத்துவிடுவார்கள். "சாதாத் தண்ணி கொடுங்க" என்று சொல்லுங்கள். வெளித் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்றால் பெட்டிக்கடையில் பாட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். கடையில் அச்சிட்ட விலைக்கு மேல் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டலில் அதே பாட்டிலுக்குக் கூடுதலாக வாங்கலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே வாதாடிப் பயனில்லை.

பில்லைப் படியுங்கள்

பில் வந்தவுடன் பணத்தை எடுக்காதீர்கள். மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், அவனுக்கும் கணக்குப் பழகும். சாப்பிட்டதற்கு மேல் வேறு ஏதாவது சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண ஓட்டலில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 400 ரூபாய்க்குச் சாப்பிட்டால் 20 ரூபாய் வரி, மொத்தம் 420. ஏ.சி. இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதே 5 சதவீதம்தான். சிறு கடைகள் பல வரியைத் தனியாக வாங்குவதில்லை. பில்லில் ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் வரி மட்டும் போட்டிருந்தால் கேளுங்கள்.

"சர்வீஸ் சார்ஜ்" என்று ஒரு வரி இருந்தால் அது அரசு வரி இல்லை. ஓட்டல்காரர்கள் அதைத் தாங்களாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதைச் சரி என்று சொன்னது. "இதை எடுத்துவிடுங்கள்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். எடுக்க மறுத்தால் பில்லை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் செய்யலாம். செல்போனில் பணம் அனுப்பினால், தொகையைப் பார்த்த பிறகு ரகசிய எண்ணைப் போடுங்கள்.

உங்கள் தெருக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். 1,100 ரூபாய் கொடுத்தவர் ஏமாற்றப்பட்டார் என்று சொல்ல முடியாது. அந்தக் கடையின் விலையே அதுவாக இருந்திருக்கலாம். உட்கார்ந்துவிட்டோமே என்று அவர் எழுந்திருக்கத் தயங்கியிருப்பார். தண்ணீர் டம்ளர் வைத்த பிறகும் எழுந்து வரலாம். "இல்லைங்க, எங்களுக்குக் கட்டாது" என்று சொல்லிவிட்டு வாருங்கள். வேறு விளக்கம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாள் ஒரு கடை சரியாக அமைந்துவிட்டால், தங்கியிருக்கும் வரை அங்கேயே போங்கள். மூன்றாம் நாள் பரிமாறுபவர் முகம் பார்த்துச் சிரிப்பார். "அம்மாவுக்குச் சர்க்கரை" என்று சொல்லி வைத்தால் இனிப்பை வைக்க மாட்டார். கணவரைக் கவனிக்கும் அலைச்சலில் உங்கள் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதீர்கள் சகோதரி. அவரைப் பார்த்துக்கொள்ளும் ஆளும் நிற்க வேண்டும் அல்லவா?

நான் சொன்ன அந்தப் பெரியவரை அடுத்த ஆண்டு பேத்தியின் சிகிச்சைக்காகச் சென்னை போய்விட்டு வந்தபோது பார்த்தேன். "சாப்பிட்டீங்களா ஐயா?" என்று கேட்டேன். "நாலு கடையில விலை கேட்டு, அஞ்சாவதுல சாப்பிட்டேன் சார்" என்றார்.

வாசகர்களே, உங்கள் கேள்விகளை ஊர், மாவட்டம் குறிப்பிட்டு இதழ் முகவரிக்கு எழுதுங்கள். சென்னை போய் வந்தவர்கள், நியாயமான விலையில் நல்ல சாப்பாடு கிடைத்த தெருவைப் பற்றி எழுதினால் அடுத்தவர்களுக்கும் உதவும். அடுத்த இதழில், மழைக்கு முன் நாற்றங்கால் தயார் செய்வது பற்றி வந்திருக்கும் கேள்விகளைப் பார்ப்போம்.