ரசிகன் ஏன் நம்ப மறுக்கிறான்?

எமது ஆசிரியர் ஓய்வறையிலே கற்றறிந்த நண்பர் ஒருவர் அண்மையில் ஒரு தீர்ப்பு வழங்கினார். உதைபந்தாட்ட வெறி பிடித்த மாணவருக்குப் பத்திரிகையும் பகை, தொலைக்காட்சியும் பகை. தம் கழகம் தோற்றால் நடுவர் கள்வன், வென்ற செய்தி சிறிதாக வந்தால் எழுதியவன் கள்வன். இது ஒரு மனநோய் என்றார். சிரித்தவர்களுள் நாமும் இருந்தோம். சிரிப்பு அடங்கிய பின்னரே வெட்கம் வந்தது.

குறிஞ்சாக்கேணியில் மாலை வேளையில் வெளியே வந்து பார்ப்பவர்க்கு, பந்தை உதைக்கும் பிள்ளைகளின் முதுகுகளில் லிவர்பூலும் பார்சிலோனாவும் மட்ரிட்டும் தெரியும். அக்கழகங்களின் ஊர்களை அவர்கள் கண்டதில்லை. காண்பார்களா என்பதும் ஐயமே. அவற்றை வீட்டுக்குள் கொணர்ந்து சேர்த்தது தொலைக்காட்சி வணிகமே என்பதை நாம் அறியாதவரல்லர். அப்பிள்ளைகளின் முறைப்பாடுகளுட் பல சிறுபிள்ளைத்தனமானவை என்பதையும் மறுக்கமாட்டோம். வர்ணனையாளர் எதிரணியின் பெயரை இரண்டு தடவை கூடுதலாக உச்சரித்தார் என்று சண்டை பிடிப்பவனுக்காக நாம் வழக்காடப் போவதில்லை.

ஆனால் அச்சந்தேகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றைக் கல்லாதவர் அதனை நோய் என்று பெயரிடுதல் எவ்வகையில் நியாயம்?

1989 ஏப்ரல் 15. இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் ஹில்ஸ்பரோ மைதானம். லிவர்பூலுக்கும் நொட்டிங்ஹாம் பொரஸ்ட்டுக்கும் இடையே கிண்ணப் போட்டியின் அரையிறுதி. வாயிலில் நெரிசல் பெருகியபோது, வெளியேறும் கதவொன்றைத் திறக்கும்படி ஆணையிட்டவர் அன்றைய காவலுக்குப் பொறுப்பாயிருந்த பொலிஸ் அதிகாரி. திறந்த கதவினூடே வந்த மக்களை, ஏற்கெனவே நிரம்பி வழிந்த கம்பிக் கூண்டுகளுக்கு இட்டுச் செல்லும் சுரங்க வழியை எவரும் அடைக்கவில்லை. முன்னே இரும்பு வேலி, பின்னே மனித வெள்ளம். நின்ற நிலையிலேயே மூச்சுத் திணறி மாண்டவர்களோடு, பின்னாளில் அக்காயங்களின் விளைவாய் இறந்தவர்களையும் கூட்டினால் 97 பேர். மிக இளையவனுக்கு வயது பத்து.

கதவை ரசிகர்களே உடைத்துப் புகுந்தனர் என்று அவ்வதிகாரி சொன்னார். பிணங்கள் மைதானத்திற் கிடந்த வேளையிலேயே பொய் புறப்பட்டுவிட்டது. மாண்டவரின் இரத்தத்தில் மது உண்டா என்று சோதித்தனர், சிறுவரையும் விட்டுவைக்கவில்லை. நான்காம் நாள், ஏப்ரல் 19 அன்று, மேர்டொக்கின் 'சன்' பத்திரிகை முதற் பக்கத்தை நிறைத்துப் பேரெழுத்தில் ஒரு தலைப்பிட்டது. அத்தலைப்பு: 'உண்மை'. செத்தவரின் சட்டைப் பைகளை ரசிகர்கள் துழாவினராம். காவலர்மீது சிறுநீர் கழித்தனராம். உயிரூட்ட முயன்ற காவலரைத் தாக்கினராம். இவற்றைச் சொன்னவர் யார்? பொலிஸ் தரப்பினரும் ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவரும். விசாரித்தறிந்தவர் யார்? ஒருவருமில்லை.

அதே தென் யோர்க்ஷையர் பொலிஸ், ஐந்தாண்டுகளுக்கு முன் ஓர்கிரீவில் வேலைநிறுத்தஞ் செய்த சுரங்கத் தொழிலாளரைக் குதிரைகளால் மிதித்த பொலிஸ். 1984 யூன் 18 அன்று நடந்த அந்நிகழ்ச்சியைக் காட்டிய பி.பி.சி. செய்தியில், தொழிலாளர் கல்லெறிவது முன்னும் குதிரைகள் பாய்வது பின்னுமாகக் காட்சிகள் இடம் மாறியிருந்தன. தவறுதலாக நேர்ந்தது என்றனர். தவறுகள் எப்போதும் ஒரே பக்கமாய்ச் சாய்வதேன்? தொழிலாளர்மீது தொடுத்த வழக்கு மறுவருடமே நீதிமன்றில் இடிந்து விழுந்தது. அதற்கு யார் முதற்பக்கம் ஒதுக்கினார்?

ஹில்ஸ்பரோவின் முதன்மைக் காரணம் பொலிஸ் கட்டுப்பாடு தவறியமையே என்று நீதியரசர் ரெய்லர் 1989 ஓகஸ்டிலேயே கூறிவிட்டார். ஆயினும் பொய்க்கு ஆயுள் நீண்டது. 2012 செப்டெம்பரில் சுயாதீனக் குழுவின் அறிக்கை வெளிவந்தபோதுதான், பொலிஸாரின் வாக்குமூலங்கள் 164 திருத்தப்பட்டிருந்தமையும், அவற்றுள் 116இல் பொலிஸுக்குப் பாதகமான கூற்றுகள் நீக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருந்தமையும் உலகறிந்தன. 2016 ஏப்ரல் 26 அன்று ஜூரிகள், அம்மக்கள் சட்டவிரோதமாய்க் கொல்லப்பட்டனர் என்றும் ரசிகர்மீது பழியில்லை என்றும் தீர்ப்பளித்தனர். இருபத்தேழு ஆண்டுகள்! பிள்ளையைப் புதைத்த தாய், அவன் குடிகாரனல்லன் என்று நிறுவ இருபத்தேழு ஆண்டுகள் நீதிமன்றப் படியேறினாள். காவலுக்குப் பொறுப்பாயிருந்த அதிகாரியோ 2019இல் குற்றவாளியல்லர் என விடுவிக்கப்பட்டார்.

லிவர்பூல் மக்கள் என் செய்தனர்? அப்பத்திரிகையை வாங்க மறுத்தனர். கடைக்காரர் விற்க மறுத்தனர். தலைமுறை மாறியும் மறுப்பு மாறவில்லை. 2017இல் அக்கழகமே தன் வாயிலை அப்பத்திரிகையின் நிருபர்களுக்கு அடைத்தது. அரசறிவியலாளர் இருவர் பின்னாளில் ஆராய்ந்து கண்டது வியப்புக்குரியது: அப்பத்திரிகையைக் கைவிட்ட அப்பகுதியில், ஐரோப்பிய ஒன்றியத்தின் மேல் அது ஆண்டாண்டாய் ஊட்டிவந்த வெறுப்பும் பிற பகுதிகளை நோக்கக் குறைந்திருந்தது. வாசிக்காமல் விட்டவர் மூடராகிவிடவில்லை.

பொய்யோ திருந்தவில்லை. 2022 மே 28 அன்று பாரிஸில் நடந்த இறுதிப் போட்டியில் அதே லிவர்பூல் ரசிகர்கள் வாயிலில் நெரிபட்டுக் கண்ணீர்ப்புகை குடித்தனர். முப்பதாயிரம் முதல் நாற்பதாயிரம் பேர் சீட்டின்றியும் போலிச் சீட்டோடும் வந்தனர் என்றார் பிரெஞ்சு உள்துறை அமைச்சர். வாயிலிற் பிடிபட்ட போலிச் சீட்டுகள் ஏறத்தாழ 2,600. மைதானத்துக் கண்காணிப்புப் படச்சுருள்கள் அழிந்துபோயின. 2023 பெப்ரவரியில் வந்த சுயாதீன அறிக்கை, முதன்மைப் பொறுப்பு போட்டியை நடத்திய ஐரோப்பியச் சங்கத்தினுடையதே என்றது. இம்முறை ஒன்பது மாதத்தில் உண்மை வந்ததற்குக் காரணம், ரசிகர் கைகளில் இருந்த தொலைபேசிப் படங்கள்.

இங்கிலாந்துக் கதை எமக்கெதற்கு என்று நண்பர் கேட்பார். எமது கரையில் நின்றே விடை கூறுகிறோம். 2021 நவம்பர் 23 காலை, பாலம் கட்டி முடியாத குறிஞ்சாக்கேணி நீரிலே படகுப் பாதை கவிழ்ந்தது. பள்ளிப் பிள்ளைகள் உட்படப் பலர் மாண்டனர். அவ்வாரம் வெளியூரார் எம்மிடம் கேட்ட முதற் கேள்வி யாது? "அளவுக்கு மிஞ்சி ஏறினார்களாமே?" மாற்றுவழி எங்கே, அந்த மிதவையைப் பரிசோதித்தவர் எவர் என்னும் கேள்விகள் பின்னரே வந்தன. ஹில்ஸ்பரோவின் கம்பிக் கூண்டும் எமது மிதவையும் வேறு வேறு. மாண்டவனையே முதற் சந்தேக நபராக்கும் கேள்வி மட்டும் ஒன்றே.

இன்னொன்றும் உண்டு. 2019 மே மாதம் சிங்கள நாளிதழொன்று, குருநாகலில் முஸ்லிம் வைத்தியர் ஒருவர் நாலாயிரம் தாய்மாரை மலடாக்கினார் என்று முதற்பக்கத்தில் எழுதியது. அடுத்த மாதமே, சான்று இல்லையென இரகசியப் பொலிஸார் நீதிமன்றுக்கு அறிவித்தனர். அதற்குள் அச்செய்தி நாட்டின் எத்தனை அடுப்படிகளைச் சென்றடைந்தது! கிண்ணியாப் பக்கத்துப் பிள்ளை அச்செய்தியின் நிழலில் வளர்ந்தவன். அவன் பத்திரிகையைச் சந்தேகிப்பதற்கு உதைபந்தாட்ட வெறி ஒன்றே காரணம் என்று கூறுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும்!

அப்பிள்ளைகளிடமும் எமக்கொரு வழக்குண்டு. அச்சிட்டதை நம்பாதவன், கைத்தொலைபேசியில் எவனோ அனுப்பியதை அப்படியே விழுங்குகிறான். தன் கழகத்துக்கு எதிரான சதி என்றால் பெயரில்லாதவன் சொல்லும் வேதம். இது சந்தேகமன்று, முதலாளியை மாற்றிக்கொண்ட நம்பிக்கை. லிவர்பூல் மக்களின் மறுப்பு வென்றது வசவினால் அன்று. சாட்சியங்களையும் கடிதங்களையும் மருத்துவக் குறிப்புகளையும் ஒவ்வொன்றாய்ச் சேர்த்துவைத்து, 'இது பொய்' என்று எண்பிக்க வல்லவராய் இருந்தமையினால்.

ஆகவே சென்ற தவணை முதல் வகுப்பில் ஒரு வழக்கம் வைத்துள்ளோம். ஒரே ஆட்டத்தைப் பற்றிய இரு பத்திரிகைச் செய்திகளை வெட்டி ஒட்டுவோம். யார் சொன்னதாக எழுதியிருக்கிறது, அவர் எங்கே நின்றார், எவரிடம் கேட்கவில்லை என்று மாணவர் பென்சிலால் ஓரத்தில் எழுதுவர். தமிழ்ப் பாடவேளை வீணாகிறது என்று முறைப்பாடு வந்திருக்கிறது. உரையாசிரியர்கள் பாடபேதம் பார்த்ததும் தமிழ்ப் பாடந்தானே! இரண்டாம் வாரத்தில் ஒரு மாணவன் ஆட்டச் செய்தியை விட்டுவிட்டு, வீட்டிலே பெட்டிக்குள் மடித்துவைத்திருந்த பழைய தாளொன்றைக் கொண்டுவந்து மேசையில் விரித்தான். படகுப் பாதை கவிழ்ந்த செய்தி. ஓரத்தில் அவன் எழுதியிருந்தான்: "கரையில் நின்றவர்களிடம் கேட்கவில்லை."